சுரண்டுமுன் ஒரு கடதாசி கேளுங்கள்

ரொறன்ரோவில் பழைய கொண்டோ வாங்கும் குடும்பம், திறப்பு கைக்கு வந்த கிழமையே அண்ணாந்து பார்த்து முகம் சுளிக்கிறது. தரையை மாற்றலாம், குசினி அலுமாரியை மாற்றலாம். அதற்கெல்லாம் கடையும் தவணைத் திட்டமும் இருக்கின்றன. சோளப்பொரியை அள்ளி ஒட்டியதுபோல் சீலிங் முழுக்க நிற்கும் அந்தக் கரடுதான் தீராத உறுத்தல். பிறகு பெயின்ற்காரனுக்கு அழைப்பு வரும். "அண்ணை, இந்தப் பொப்கோர்னைச் சுரண்டி வழவழப்பாக்கித் தர எவ்வளவு முடியும்?"

அப்படி அழைப்பு வரும் ஆட்களில் நானும் ஒருவன். ஸ்காபரோவில் சுவரும் சீலிங்கும் பூசியே பிள்ளைகளைப் படிப்பித்தவன். விலை சொல்லுமுன் இரண்டு கேள்வி கேட்பேன். கட்டடம் எந்த ஆண்டு கட்டினது? சீலிங்கைச் சோதித்த கடதாசி இருக்கோ? முதலாவதற்குப் பதில் உடனே வரும். இரண்டாவதற்கு, "அதெல்லாம் தேவையோ அண்ணை? மற்ற ஆள் கேட்கேல்லையே" என்பார்கள்.

தேவை என்பது என் பதில். ஆனால் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அதற்கு மேலே ஒரு படி. அந்தக் கடதாசிக்காக ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியே அலைவது வீண். பழைய கட்டடங்களின் நிர்வாகமே ஒருமுறை சீலிங்கைச் சோதித்து, முடிவை வாங்குபவர், வாடகைக்கு இருப்பவர், வேலைக்கு வருபவர் என எல்லோருக்கும் எழுத்தில் தர வேண்டும். சட்டம் அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

முதலில் அந்தக் கரடு ஏன் அங்கே வந்தது என்று பார்ப்போம். சென் ஜேம்ஸ் ரவுனிலும் தோர்ன்கிளிஃப் பார்க்கிலும் ஸ்காபரோவின் பெருந்தெருக்களிலும் 1960களிலும் 70களிலும் எழும்பிய அடுக்குமாடிகளில், மேல்வீட்டுத் தரைதான் கீழ்வீட்டுச் சீலிங். ஒரே கொங்கிறீற் தட்டு. நான்கடிக்கு எட்டடி ஒட்டுப்பலகைகளை வரிசையாக அடுக்கி, அதன்மேல் கொங்கிறீற்றை ஊற்றி, இறுகியதும் பலகையைக் கழற்றிவிடுவார்கள். பலகை பொருந்திய இடமெல்லாம் கீழே கோடாகத் தெரியும். காற்றுக்குமிழ் வெடித்த குழி, சாந்து கசிந்து நின்ற விளிம்பு, ஆணித்தலையின் துருக்கறை எல்லாம் தெரியும். இவற்றைக் கைத்தேர்ந்த பூச்சுக்காரரை வைத்து மட்டமாக்க நாள் செல்லும், கூலி ஏறும். இயந்திரத்தால் விசிறினால் ஒரு வீடு சில மணி நேரத்தில் முடியும். கரட்டின் சின்னச்சின்ன நிழல்கள் கோணல் எல்லாவற்றையும் மூடிவிடும்.

வயரையும் அதே கணக்கில்தான் போட்டார்கள். தட்டுக்குள் குழாய் புதைத்து வயர் இழுப்பது செலவு. அதனால்தான் இந்தக் கட்டடங்களில் பலவற்றின் வரவேற்பறையில் சீலிங் விளக்கே கிடையாது. சுவரில் சுவிச்சைப் போட்டால் மூலையில் செருகியிருக்கும் நிலைவிளக்கு எரியும். நடுச்சீலிங்கில் விளக்குத் தொங்கவிட ஆசைப்படுபவர்களும் என்னிடம் வருவதுண்டு. எங்கே என்ன புதைந்திருக்கிறது என்று தெரியாமல் கொங்கிறீற்றில் துளை போடக்கூடாது என்பதை விளக்கவே எனக்கு அரைமணி நேரம் போகும். சில கட்டடங்களில் தட்டுக்குள் முறுக்கி இழுத்த உருக்குக் கம்பிகள் ஓடுகின்றன. அதை அறுத்தால் அந்த வீட்டோடு போகும் பிரச்சினையாக அது இருக்காது.

விசிறிய சாந்தில் சுண்ணக்கல் தூள் இருக்கும், பசை இருக்கும், பருமனுக்கு நுரைமணியோ வெர்மிகுலைற் என்ற கனிமமோ இருக்கும். அந்தக் காலத்தில் கலவை ஒன்றாகப் பிடித்து நிற்கவும் நெருப்புக்கு ஈடுகொடுக்கவும் சிலவற்றில் அஸ்பெஸ்ரஸ் நாரும் சேர்த்தார்கள். எல்லாச் சீலிங்கிலும் இல்லை. எந்தச் சீலிங்கில் உண்டு என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. "மினுங்கினால் இருக்கு, மினுங்காட்டி இல்லை" என்று எங்கள் தொழிலிலேயே ஒரு கதை உலாவுகிறது. மினுக்கம் பெரும்பாலும் அழகுக்குத் தூவிய துகள். அதற்கும் நாருக்கும் தொடர்பில்லை. நுண்காட்டியில் வைத்துப் பார்க்கும் ஆய்வுகூடம்தான் சொல்ல முடியும்.

அமெரிக்கா 1978இல் அலங்காரத்துக்கு விசிறும் பூச்சில் அஸ்பெஸ்ரஸைத் தடை செய்தது. கனடாவில் 1990க்கு முன் கட்டிய வீடென்றால் சந்தேகப்படு என்பதுதான் பொது அறிவுரை. அஸ்பெஸ்ரஸுக்கு ஏறக்குறைய முழுமையான தடை இங்கே வந்தது 2018இல். உலகத்துக்கே இந்த நாரைத் தோண்டிக் கொடுத்த நாடு கனடா என்பதை நினைத்தால் அந்தத் தாமதம் விளங்கும். கியூபெக்கில் 'அஸ்பெஸ்ரஸ்' என்ற பெயரிலேயே ஒரு சுரங்க ஊர் இருந்தது. 1949இல் கனடாவை உலுக்கிய சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்த ஊர். 2020இல்தான் வால்-டே-சூர்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. 2011இலும்கூட, இந்த நாரை ஆபத்தான பொருட்களின் ரொட்டர்டாம் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்க்கவிடாமல் கனடா தடுத்தது. அப்போது இங்கே யாரும் தன் வீட்டில் அதைப் புதிதாகப் பூசவில்லை. வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆசிய நாட்டவர்கள்.

எங்கள் ஊரிலும் அது தெரியாத பொருளல்ல. ஓட்டுக்குக் காசில்லாதவன் சீற் போட்டான். இலங்கை முழுவதும் இன்றைக்கும் லட்சக்கணக்கான வீடுகளின் தலைக்கு மேலே அஸ்பெஸ்ரஸ் சீற்றுத்தான். 2018 தொடக்கத்தில் நடைமுறைக்கு வரவிருந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டை இலங்கை ஒத்திவைத்த கதை பலருக்கு மறந்துபோயிருக்கும். தேயிலைப் பெட்டியில் வண்டு கண்டதாகச் சொல்லி 2017 டிசம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்ரஸை விற்கும் நாடும் அதே ரஷ்யாதான். தேயிலை மீண்டும் போனது, அஸ்பெஸ்ரஸ் தொடர்ந்து வந்தது. சீற்றின் கீழே வளர்ந்து, இங்கே வந்து பொப்கோர்னின் கீழே குடியிருக்கும் எங்களுக்கு, "அவ்வளவு நாளும் ஒன்றும் ஆகேல்லையே" என்ற எண்ணம் வருவது இயல்பு. அந்த எண்ணத்தில் பாதி சரி. அசையாமல், உதிராமல் கிடக்கும் பூச்சு யாரையும் ஒன்றும் செய்யாது. நார் காற்றில் பறந்து, மூச்சோடு உள்ளே போனால்தான் வினை. சுரண்டுவது என்பது அதைப் பறக்கவிடும் வேலை. அந்த நாரால் வரும் நோய் வெளியே காட்டுவதற்கு 20 முதல் 40 ஆண்டுகள் செல்லும் என்பதால், இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எதற்கும் சான்றாகாது.

இனி வேலைக்கு வருவோம். இணையக் காணொளிகளில் ஒருவர் தண்ணீர் விசிறுவார், கால்மணி நேரம் பொறுப்பார், அகலக் கரண்டியால் இழுப்பார். பூச்சு வெண்ணெய்போல் வழிந்து விழும். அவர் நிற்பது பெரும்பாலும் தனிவீட்டில், ட்ரைவோல் பலகையின் கீழே, ஒருநாளும் பெயின்ற் படாத பூச்சின் கீழே. ஸ்காபரோ அடுக்குமாடிச் சீலிங் அப்படியல்ல. ஐம்பது ஆண்டில் குடியிருந்தவரெல்லாம் மாறி மாறி உருட்டிய பெயின்ற் அதன்மேல் தோலாக இறுகியிருக்கும். தண்ணீர் உள்ளே இறங்காது. ஈரமில்லாமல் இழுக்க வேண்டிவரும். அங்கேதான் தூசி கிளம்புகிறது.

சுரண்டி முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது. பூச்சு மறைத்த பலகைக் கோடும் குழியும் விளிம்பும் வெளியே வரும். பலகை ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெய் சில இடத்தில் இன்னும் கொங்கிறீற்றில் இருக்கும்; அதன்மேல் நேரே மட் என்ற பூச்சுச் சாந்தைப் பூசினால் காய்ந்தபின் தோலாகக் கழன்றுவிடும். முதலில் விளிம்புகளைத் தட்டி எடுக்க வேண்டும், பிறகு பிடிமானத்துக்குப் பிரைமர். ஆழமான குழிக்கு வாளியில் வரும் மட் சரிவராது. பையில் வரும் தூளைக் குழைத்து அடைக்க வேண்டும். அது 20 நிமிடத்திலோ 45 நிமிடத்திலோ 90 நிமிடத்திலோ இறுகும், பையிலேயே எழுதியிருக்கும். 20 நிமிடப் பையைக் குழைத்துவிட்டுத் தொலைபேசி எடுத்தால் வாளியோடு எறிய வேண்டியதுதான். அதன்பின் அகலக் கத்தியால் சீலிங் முழுவதும் மெல்லிய பூச்சு, இரண்டோ மூன்றோ தரம், ஒவ்வொன்றும் காய விட்டு. தேய்ப்பு. மறுபடி பிரைமர். கடைசியாக மினுக்கமே இல்லாத பெயின்ற்.

இத்தனையும் செய்தபின் பல்கனிக் கதவால் வரும் மாலை வெயில் சீலிங்கின் குறுக்கே சாயும். கத்தி விட்ட ஒவ்வொரு வரியையும் அது காட்டிக்கொடுக்கும். அதனால் நான் வேலை செய்யும்போதே கையில் ஒரு விளக்கைச் சரித்துப் பிடித்துக்கொண்டுதான் பூசுவேன். வாடிக்கையாளர் பார்க்குமுன் நான் பார்த்துவிட வேண்டும். மலிவாக ஒத்துக்கொண்டவர் இந்தப் பூச்சில் ஒன்றைக் குறைப்பார். வெயில் சாயும்வரை அது தெரியாது. தெரியும்போது அவர் தொலைபேசி எடுக்க மாட்டார்.

சுரண்டாமலும் வழியுண்டு. கறை மறைக்கும் பிரைமரைப் போட்டு, தடித்த உருளையால் ஒரே திசையில் ஒரே தரம் பெயின்ற் அடித்தால் பழைய மஞ்சள் போய் அறை வெளிச்சமாகும். பலருக்கு அது போதும். பெயின்ற் படாத பூச்சு என்றால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப உருட்டக்கூடாது, ஈரத்தில் கழன்று உருளையோடு வந்துவிடும். பூச்சைத் தொடாமல் கீழே சட்டம் அடித்து ட்ரைவோல் ஏற்றலாம். எட்டடி உயர அறையில் ஒன்றரை அங்குலம் போகும், துளைபோட அனுமதியும் கவனமும் வேண்டும். நார் உள்ள சீலிங் என்றால் அந்தத் துளைக்கும் தனி விதிமுறை உண்டு. பூச்சின் மேலேயே மட் பூசி மட்டமாக்குவதும் ஒரு வழி; பிடி விட்டிருந்தால் பாரம் தாங்காமல் எல்லாம் சேர்ந்து இறங்கும். இவற்றில் எது பொருந்தும் என்பது ஒரே கேள்வியில்தான் தங்கியிருக்கிறது: உள்ளே நார் இருக்கிறதா, இல்லையா?

ஒன்ராறியோவில் இதற்கு விதி இல்லாமல் இல்லை. வேலைத்தளங்களுக்கான 278/05 என்ற ஒழுங்குவிதி தெளிவாகவே பேசுகிறது. காய்ந்த எடையில் 0.5 சதவீதமோ அதற்கு மேலோ நார் இருந்தால் அது அஸ்பெஸ்ரஸ் பொருள். விசிறிய பூச்சு 90 சதுர மீற்றருக்குக் குறைவாக இருந்தால் குறைந்தது மூன்று மாதிரி எடுக்க வேண்டும். 90 சதுர மீற்றர் என்றால் ஏறக்குறைய 970 சதுர அடி. இரண்டு அறைக் கொண்டோக்கள் பல அதற்குள் அடங்கும். கையால் நசுக்கினால் பொடியாகும் பூச்சை ஒரு சதுர மீற்றருக்கு மேல் அகற்றினால் அது மிகக் கடுமையான மூன்றாம் வகை வேலை: அறையை மூடிக்கட்டி, காற்றை வடிகட்டி வெளியே இழுத்து, தொழில் அமைச்சுக்கு முன்கூட்டியே அறிவித்து, அதற்கென்று பயிற்சியும் சான்றும் பெற்றவர்கள் செய்ய வேண்டியது. என்னைப் போன்ற பெயின்ற்காரன் அதைத் தொடவே கூடாது.

விதி இப்படி இருக்க, நடப்பது வேறு. சொந்த வீட்டுக்குள் சனி ஞாயிறில் குடும்பமாகச் சுரண்டுபவர்களை யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. காசுக்கு வேலை செய்யும் ஆட்கள் "கடதாசி" என்ற சொல்லையே எடுப்பதில்லை. எடுத்தால் வேலை கைநழுவும். அந்த ஆட்களுக்குக் கீழே நிற்பவர்கள் யார்? படிக்க வந்த பிள்ளைகள், புதிதாக வந்திறங்கியவர்கள், வேலை அனுமதி கிடைக்குமா என்று காத்திருப்பவர்கள். கடதாசி முகமூடி ஒன்றைக் கொடுத்து, "அண்ணாந்து நில், கண்ணை மூடிக்கொள்" என்று பழக்குவார்கள். இருபத்திரண்டு வயதில் உள்ளே போன நார் அந்தப் பிள்ளைக்குப் பேரப்பிள்ளை பிறக்கும் வயதில் கணக்குக் கேட்கலாம். அப்போது வேலை கொடுத்தவரின் பெயர்கூட அவனுக்கு நினைவிருக்காது. சுரண்டிய பொதிகளை மாடிக் குப்பைக்குழாயில் தள்ளிவிடுவதையும் கண்டிருக்கிறேன். பத்தாம் மாடியிலிருந்து விழும் பொதி அடியில் வெடிக்கும்; அந்தக் குப்பையறையைக் கூட்டுபவரும் யாரோ ஒரு வீட்டின் உழைப்பாளிதான்.

வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையை ஒன்ராறியோச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கிறது. சோதனைக் கடதாசியைக் காட்டுங்கள் என்று கேட்பது வாய்காட்டுவது ஆகாது. ஆனால் அடுத்த கிழமை வாடகை கட்ட வேண்டியவனிடம் உரிமையை மட்டும் நம்பி நில் என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. அவன் கேட்க வேண்டிய தேவையே வராதபடி கடதாசி முதலிலேயே இருக்க வேண்டும்.

அதற்கு வழி கிட்டத்தான் இருக்கிறது. ஓர் அடுக்குமாடியின் சீலிங்கெல்லாம் பொதுவாக ஒரே காலத்தில், ஒரே கலவையால் விசிறப்பட்டவை. இருநூறு வீட்டுக்காரரும் தனித்தனியே ஆய்வுகூடத்துக்குக் காசு கட்டுவதைவிட, கட்டட நிர்வாகம் மாடிக்கு மாடி முறையாக மாதிரி எடுத்து ஒருமுறை சோதிப்பது ஆளுக்கு ஒரு சாப்பாட்டுக் காசில் முடியும் விடயம். பின்னர் யாரோ ஒட்டுப்போட்ட இடங்கள் வேறுபடலாம். அதையும் அறிக்கையில் எழுதலாம். பல கட்டடங்களில் சீலிங்குக்கு மேலுள்ள கொங்கிறீற் தட்டு பொதுச்சொத்து. அதில் மாற்றம் செய்யக் கொண்டோச் சட்டப்படி நிர்வாகசபையின் அனுமதி வேண்டும். அனுமதி கொடுக்கும் அதிகாரம் உள்ளவர்களுக்கு அறியும் கடமையும் இருக்க வேண்டாமா?

அந்தத் தகவலைக் கொடுக்கப் புதிதாக ஒரு பத்திரம் தேவையில்லை. ஒன்ராறியோவில் கொண்டோ வாங்கும்போது வழக்கறிஞர், கட்டடத்தின் 'நிலைச் சான்றிதழ்' ஒன்றைக் கேட்டு வாங்குகிறார். நிர்வாகம் அதை 10 நாளுக்குள் கொடுக்க வேண்டும், 100 டொலருக்கு மேல் அறவிட முடியாது. ஒதுக்குநிதி எவ்வளவு, வழக்கு ஏதும் உண்டா, மாதக் கட்டணம் ஏறப்போகிறதா என்றெல்லாம் அதில் இருக்கும். 1990க்கு முந்திய கட்டடமென்றால் அதில் இன்னொரு வரி: சீலிங் பூச்சு சோதிக்கப்பட்டதா, முடிவு என்ன. மாகாண அரசு நினைத்தால் இதைச் செய்ய முடியும்.

இதற்கு எதிராக என்னிடம் நேரே சொல்லப்பட்ட வாதம் ஒன்றுதான்: "இருக்கு என்று எழுதிவிட்டால் வீட்டு விலை இறங்கிவிடும்." இறங்கட்டும். தெரியாமல் வாங்கியவர் பின்னால் கொடுக்கப்போகும் காசு அது. விற்பவர் முன்னால் கொடுப்பதுதான் நியாயம். எல்லாப் பழைய கட்டடத்திலும் அந்த வரி இருக்கும் நாளில், அது யாரையும் தனியே பயமுறுத்தவும் மாட்டாது. நார் இருக்கும் சீலிங்குக்குப் பெயின்ற் அடித்துவிட்டு, அதன் கீழே பல்லாண்டு நிம்மதியாக இருக்கலாம். இல்லை என்று தெரிந்தால் என்னைக் கூப்பிடுங்கள், சுரண்டித் தருகிறேன். இரண்டு பதிலும் எனக்குச் சம்மதம்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கட்டடத்தின் 15 சதவீத வீடுகளின் உரிமையாளர்கள் கையொப்பமிட்டால் நிர்வாகசபை கூட்டம் கூட்டியே ஆக வேண்டும் என்பது ஏற்கனவே இருக்கும் சட்டம். இருநூறு வீட்டுக் கட்டடத்தில் அது முப்பது கையொப்பம். ஸ்காபரோவின் பல கட்டடங்களில் முப்பது தமிழ்க் குடும்பங்களைச் சேர்க்க இரண்டு மாடி ஏறி இறங்கினால் போதும். கூட்டத்தில் கேட்க வேண்டியது ஒரு கேள்விதான்: எங்கள் தலைக்கு மேலே பூசியிருப்பது என்ன? பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அதன் பிரதியை அடுத்த முறை வரும் பெயின்ற்காரனிடம், அவன் கேட்காவிட்டாலும் கொடுங்கள்.